மொடேனாவா, ஸ்டுட்கார்ட்டா, மால்வெர்னா? குறைந்த செலவில் ஸ்போர்ட்ஸ் கார் ஆலை பார்க்க எந்த வழி?

ஃபெராரி ஆலையைப் பார்க்கப் போகிறோம் என்று இத்தாலியின் மாரனெல்லோவுக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டு வருவது ஃபெராரி மியூசியத்தைத்தான். ஆலைக்குள் நடந்து சுற்றும் வாய்ப்பு கார் வாங்கியவர்களுக்கு உரியது. மற்றவர்களுக்கு இருப்பது ஒரு பஸ். மியூசியத்தில் ஏற்றிக்கொண்டு, ஆலை வளாகத்தின் உள்சாலை வழியாகவும் ஃபியோரானோ சோதனைத் தடத்தை ஒட்டியும் ஒரு சுற்று சுற்றி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். நடுவில் இறங்க விடமாட்டார்கள், படம் எடுக்க விடமாட்டார்கள். எஞ்சின் எப்படி ஏறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டவருக்கு மிஞ்சுவது கட்டடங்களின் வெளிச்சுவர்.

பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த கம்பெனி என்பதல்ல, எந்தக் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதுதான். மியூசியம் மட்டும், பஸ் ஜன்னல் வழியாக, அசெம்ப்ளி லைன் ஓரமாக நடந்து என மூன்று வகை உண்டு. மூன்றாவது வகைக்கே பணத்தை ஒதுக்குங்கள். மியூசியத்தில் நிற்கும் காரை இணையத்தில் இதைவிட நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் ஒரு தொழிலாளி கையில் முறுக்குவிசை கருவியோடு காருக்கு அடியில் குனிவதை நேரில்தான் பார்க்க முடியும்.

இரண்டு பேர், ஐரோப்பாவுக்குள் வந்து சேர்ந்தாயிற்று, கையில் ஒரு வாரத்துக்கு உட்பட்ட நேரம் என்று வைத்துக்கொண்டு வழிகளை ஒப்பிடலாம். தரும் விலைகள் திட்டமிடுவதற்கான தோராயம். டிக்கெட் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்பதால் பத்து சதவீதம் கூடுதலாகவே கையில் வையுங்கள்.

மொடேனா: நெருக்கத்தில் இதற்கு இணை இல்லை

வடக்கு இத்தாலியின் எமிலியா-ரொமாஞா பகுதியில் மொடேனாவை நடுவில் வைத்துப் பார்த்தால், மாரனெல்லோ 18 கிலோமீட்டர், பகானி கார் பட்டறை இருக்கும் சான் செசாரியோ சுல் பனாரோ 10 கிலோமீட்டர் அளவு, லம்போர்கினி இருக்கும் சான்ட்'ஆகட்டா போலொஞேஸே 20 கிலோமீட்டர் அளவு. மசெராட்டி ஆலை மொடேனா நகருக்குள்ளேயே இருக்கிறது. டுகாட்டி மோட்டார்சைக்கிள் ஆலை 40 கிலோமீட்டர் தள்ளி, போலோஞா விமான நிலையத்தை ஒட்டிய போர்கோ பனிகாலேயில். ஒரே அறையில் தங்கி, ஒரு டேங்க் பெட்ரோலுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். இப்படி ஒரு வட்டாரம் உலகில் வேறெங்கும் கிடையாது.

இதில் எதற்குப் பணம் கொடுப்பது? லம்போர்கினிக்குக் கொடுங்கள். மியூசியத்தோடு சேர்ந்த ஃபேக்டரி டூர் ஒருவருக்கு 75 யூரோவுக்குக் குறையாது. ஆனால் கைடோடு லைன் ஓரமாகவே நடக்கிறீர்கள். தோல் தைக்கும் பகுதியில் நின்று கவனியுங்கள். முழுத் தோலையும் மேஜையில் விரித்து, கொசுக்கடித் தழும்பு, கீறல், நரம்புத் தடம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக் குறியிடுவார்கள். குறியிட்ட இடத்தைத் தவிர்த்த பிறகே வெட்டு. ஒரு காரின் விலையில் கைவேலை எவ்வளவு என்பது அந்த மேஜையருகே புரிந்துவிடும். செல்போன், கேமரா, ஸ்மார்ட் வாட்ச் எல்லாவற்றையும் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். இன்னொரு எச்சரிக்கை: ஃபெருச்சியோ லம்போர்கினி மியூசியம் என்று ஒன்று போலோஞாவுக்கு வடக்கே ஃபூனோவில் இருக்கிறது. அது நிறுவனரின் குடும்பம் நடத்துவது. டிராக்டர் முதல் மியூரா கார் வரை அருமையான சேகரிப்பு, ஆனால் ஆலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முகவரியைப் பார்க்காமல் மேப்பில் பெயரை மட்டும் தட்டிவிட்டு, முன்பதிவு நேரத்துக்கு அங்கே போய் நிற்கிறவர்கள் உண்டு. ஆலையின் முகவரி வியா மொடேனா 12, சான்ட்'ஆகட்டா.

அடுத்து பகானி. மியூசியத்தோடு பட்டறையையும் பார்க்க 50 யூரோவுக்கு மேல் ஆகும். இது லைன் அல்ல. ஆண்டுக்குச் சில டஜன் கார்கள் மட்டுமே செய்யும் பட்டறை. கார்பன் ஃபைபர் துணியை அச்சில் கையால் ஒட்டி அடுக்கி, ஆட்டோகிளேவில் அழுத்தமும் சூடும் கொடுத்து வேகவைக்கிறார்கள். டைட்டேனியம் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் கம்பெனி பெயர் பொறித்திருக்கும். கார்பன் வேலையில் ஆர்வம் இருந்தால் லம்போர்கினியைவிட இது மேல். லைன் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் லம்போர்கினி. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் இப்படித் தேர்ந்தெடுங்கள்.

ஃபெராரியைத் தவிர்த்துவிடவும் மனம் வராது. மாரனெல்லோ மியூசியம் மட்டும் பாருங்கள், 27 யூரோ அளவில் முடியும். பஸ் டூருக்கான கூடுதல் பணத்தை மிச்சம் பிடியுங்கள். மாரனெல்லோவின் உண்மையான காட்சி இலவசம். அபெடோனே சாலையில் இருக்கும் ஆலையின் பழைய வாசலுக்கு எதிரே ஒரு வேலைநாள் காலையில் நின்றால், கறுப்பு வெள்ளை மறைப்பு ஒட்டிய சோதனைக் கார்கள் வெளியே வந்து மலைப்பாதை நோக்கிப் போவதைப் பார்க்கலாம். பின்னால் ‘ப்ரோவா’ என்று எழுதிய நம்பர் பிளேட் இருந்தால் அது சோதனைக் கார். சனி, ஞாயிறில் இது நடக்காது.

மியூசியத்தைச் சுற்றி உள்ள கடைகளில் ஃபெராரியைப் பத்து நிமிடம் ஓட்டத் தருவார்கள். 100 யூரோவை ஒட்டிக் கேட்பார்கள். கையெழுத்து போடும் காகிதத்தில், கீறல் விழுந்தால் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை பல ஆயிரம் யூரோவாக இருக்கும். ஊருக்குள் ரவுண்டானா, வேகத்தடை, 50 கிலோமீட்டர் வரம்பு என்று பத்து நிமிடமும் போய்விடும். குறைந்த செலவுப் பயணத்தில் இதற்கு இடமே இல்லை.

பழைய மசெராட்டிகளைப் பார்க்க மொடேனா புறநகரில் பனினி குடும்பத்தின் ஓம்ப்ரே பண்ணை இருக்கிறது. 1996-இல் லண்டனில் ஏலத்துக்குப் போகவிருந்த கம்பெனிச் சேகரிப்பை மொத்தமாக வாங்கி மொடேனாவிலேயே நிறுத்தியவர் உம்பெர்டோ பனினி. அதே பண்ணையில் பார்மிஜானோ சீஸும் செய்கிறார்கள். முன்பதிவு அவசியம், குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

இரண்டு பேருக்கு நான்கு இரவுக் கணக்கு இப்படி வரும்: அறை 320, மூன்று நாள் சின்ன கார் 135, பெட்ரோல் 30, லம்போர்கினி டூர் 150, பகானி 110, ஃபெராரி மியூசியம் 54, சாப்பாடு 200. மொத்தம் 1,000 யூரோவைத் தொடும். பகானியை விட்டால் 900-க்குள்.

காரே இல்லாமல் முடியுமா? பாதி முடியும். போலோஞாவுக்கும் மொடேனாவுக்கும் இடையே உள்ளூர் ரயில் அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். மொடேனா ஸ்டேஷனிலிருந்து மாரனெல்லோவுக்கு பஸ் உண்டு. சான்ட்'ஆகட்டாவும் சான் செசாரியோவும்தான் தொல்லை. பஸ் அபூர்வம், தவறவிட்டால் டூர் நேரமும் போச்சு. அதனால் கார் நான்கு நாளும் வேண்டாம், இந்த இரண்டு ஊருக்கும் போகும் நாட்களுக்கு மட்டும் எடுத்தாலும் போதும்.

இத்தாலியில் பணம் கசியும் இடங்கள்

பட்ஜெட்டை உடைப்பது டிக்கெட் அல்ல, அபராதம். போலோஞா, மொடேனா இரண்டின் பழைய நகரமும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் இருக்கின்றன. சிவப்பு வட்டமிட்ட பலகையில் ‘ஜோனா அ டிராஃபிகோ லிமிடாடோ’ என்று இருக்கும், பக்கத்தில் கேமரா. கூகுள் மேப் அதற்குள் வழிகாட்டுவது சகஜம். அபராத நோட்டீஸ் மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு வரும். அதற்கு முன்பே வாடகைக் கம்பெனி உங்கள் விவரத்தை போலீஸுக்குக் கொடுத்ததற்கென்று தனியாக ஒரு கட்டணத்தை கார்டில் பிடித்திருக்கும். வளையத்துக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பக்கம் அறை எடுப்பதே நல்லது. பார்க்கிங்கும் இலவசமாகக் கிடைக்கும். தெருவில் வெள்ளைக் கோடு போட்ட இடம் இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கியது.

பெட்ரோல் பங்கில் ‘செல்ஃப்’, ‘செர்விதோ’ என்று இரண்டு விலை எழுதியிருக்கும். ஆள் வந்து போட்டால் லிட்டருக்கு 15 முதல் 25 சென்ட் வரை கூடும். வண்டியை நிறுத்தும் முன்பே பம்பின் பலகையைப் பாருங்கள். ‘பென்சினா’ பெட்ரோல், ‘கசோலியோ’ டீசல்.

டோல் கேட்டில், தானாகக் கட்டணம் பிடிக்கும் கருவி உள்ள கார்களுக்கான மஞ்சள் நிற டெலிபாஸ் வழிக்குள் மட்டும் நுழையாதீர்கள். நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்காதீர்கள், அது இன்னும் பெரிய குற்றம். பொத்தானை அழுத்தி உதவி கேளுங்கள், ஒரு ரசீது வரும். 15 நாளுக்குள் கட்டினால் கூடுதல் தொகை இல்லை.

சாப்பாட்டில், மாலையில் பீட்சா, மதியம் சூப்பர் மார்க்கெட் ரொட்டி என்று போனால் ஒருவருக்கு நாளுக்கு 25 யூரோவுக்குள் அடங்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதியின் நொக்கோ ஃப்ரித்தோ பூரி மாதிரி உப்பி வரும், ஆனால் மரபுப்படி பொரிப்பது பன்றிக் கொழுப்பில். பியாதினா ரொட்டி மாவிலும் பல இடங்களில் அதைச் சேர்ப்பார்கள். ‘ஸ்த்ரூத்தோ’ (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். ரிக்கோட்டாவும் கீரையும் அடைத்த டொர்டெல்லோனி பாஸ்தாவை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுக் கேட்டு வாங்கலாம்.

ஸ்டுட்கார்ட்: கார் எடுக்காமலே

செலவு குறைவு என்பதை மட்டும் பார்த்தால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஜெயிக்கும். போர்ஷே மியூசியத்துக்கு எஸ்-பான் ரயிலில் நொய்விர்ட்ஸ்ஹவுஸ் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. மெர்சிடிஸ் மியூசியத்துக்கு எஸ்1 ரயிலில் நெக்கார்பார்க் ஸ்டேஷன். போர்ஷே 12 யூரோ, மெர்சிடிஸ் 16 யூரோ அளவு. இரண்டும் திங்கட்கிழமை மூடியிருக்கும், வார இறுதியோடு திங்களைச் சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள் ஒரு நாளை இழக்கிறார்கள். தெற்கே பொப்லிங்கனில் பழைய விமான நிலையத்தை மோட்டர்வேர்ல்டு என்று மாற்றி, தனியார் கார்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நுழைவு இலவசம். அரை நாள் அங்கே தாராளமாகப் போகும்.

மூன்று இரவுக்கு இரண்டு பேர்: அறை 270, ரயில் 50, மியூசியங்கள் 56, சாப்பாடு 180. 560 யூரோவுக்குள் முடிகிறது.

ஆனால் இங்கே கதவு எவ்வளவு திறக்கிறது? போர்ஷே 911 கார் உருவாகும் சுஃபன்ஹவுசன் ஆலை போர்ஷே மியூசியத்துக்கு எதிர்ப்புறமே இருந்தாலும், டூரில் இடம் கிடைப்பது கடினம். குழு சிறியது, தேதிகள் குறைவு. கிடைத்தால் இந்தப் பயணமே வேறு தரத்துக்குப் போய்விடும், கிடைக்காவிட்டால் நீங்கள் வாங்கியது மியூசியப் பயணம். அஃபால்டர்பாக்கில் ஒரே ஆள் ஒரு எஞ்சினை முழுக்கப் பூட்டிக் கையெழுத்திடும், மெர்சிடிஸின் ஸ்போர்ட்ஸ் கார் பிரிவான ஏஎம்ஜியின் பட்டறையை வாசலில் கேட்டுப் பார்க்க முடியாது. நெக்கார்சுல்ம் பக்கம் ஆடி ஆர்8-ஐப் பார்க்கலாம் என்று இன்னும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் காரின் தயாரிப்பு 2024-லேயே நின்றுவிட்டது. ஜின்டெல்ஃபிங்கன் மெர்சிடிஸ் ஆலை டூர் பெரிய உற்பத்தியை, ரோபோக்களை, நன்றாகக் காட்டும். அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, சொகுசுக் கார் என்பதைத் தெரிந்து போங்கள்.

எனவே விதி எளிது: போர்ஷே ஆலை டூர் உறுதியானால் ஸ்டுட்கார்ட், இல்லையேல் மொடேனா.

பெரிய வட்டம் ஏன் கட்டுப்படியாகாது

ஸ்டுட்கார்ட், மியூனிக், ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையிலுள்ள பிரென்னர் கணவாய், மொடேனா, திரும்ப அதே வழி. வரைபடத்தில் பார்த்தால் இதைவிட அழகான பயணம் இல்லை. எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுவே. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக் 230, அங்கிருந்து பிரென்னர் 200, பிரென்னரிலிருந்து மொடேனா 314 கிலோமீட்டர். போய்வர 1,500, உள்ளூர் ஓட்டம் சேர்த்து 1,700. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்றால் ஏறக்குறைய 120 லிட்டர், லிட்டர் 1.75 யூரோவில் 210 யூரோ. ஆட்டோபானில் 160-க்கு மேல் அழுத்தினால் அந்த 7 லிட்டர் 10 ஆகிவிடும். ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற அனுமதிச் சீட்டு, பிரென்னர் சாலைக்குத் தனி டோல், இத்தாலியில் பிரென்னரிலிருந்து மொடேனா வரும் ஏ22 நெடுஞ்சாலை டோல் ஒரு வழிக்கு 20 யூரோவுக்கு மேல். டோல் மட்டும் 80 முதல் 90 யூரோ. கார் எட்டு நாள் 360, அறை ஏழு இரவு 595, சாப்பாடு 440, டிக்கெட் 260. மொத்தம் 1,950 யூரோ. மொடேனா மட்டும் என்றால் ஆனதைப்போல் இரண்டு மடங்கு. கூடுதலாகக் கிடைப்பது இரண்டு ஜெர்மன் மியூசியமும் ஒரு மலைப்பாதையும்.

பணத்தைவிட நேரம்தான் அதிகம் போகும். பிரென்னர் சாலையில் லூயெக் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதால் 2025 தொடக்கத்திலிருந்து பல நாட்களில் ஒரு திசைக்கு ஒரே தடம்தான் ஓடுகிறது. கோடைச் சனிக்கிழமையில் அங்கே மாட்டினால், மறுநாள் வேறு ஊரில் வைத்திருக்கும் திட்டமும் ஆட்டம் காணும். விக்னெட் எடுத்தால் பிரென்னருக்கும் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. இன்ஸ்ப்ரூக் வரை விக்னெட், அதற்கு மேல் பிரென்னர் சாலையான ஏ13-க்குத் தனிக் கட்டணம், இரண்டும் வேண்டும்.

ஜெர்மனியில் எடுத்து இத்தாலியில் விடலாமே என்றால், நாடு கடந்து விடும் கட்டணம் சில சமயம் வாடகையையே தாண்டும். இத்தாலியில் எடுத்த காரை ஸ்டுட்கார்ட்டுக்குள் கொண்டுபோனால் முன் கண்ணாடியில் பச்சை மாசு ஸ்டிக்கர் இருக்க வேண்டும், இத்தாலியக் காரில் அது இருக்காது. இரண்டு நாட்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள், காரை மொடேனாவில் மட்டும் எடுங்கள்.

மால்வெர்ன்: மலிவான திறந்த கதவு

இங்கிலாந்தில் மெக்லாரன் வோக்கிங் ஆலை பொதுமக்களுக்கு மூடியது. ஆஸ்டன் மார்ட்டின் முதலில் பார்ப்பது தன் வாடிக்கையாளரை. ஆனால் வொர்செஸ்டர்ஷையரின் மால்வெர்ன் லிங்க்கில் மார்கன் கார் ஆலை இருக்கிறது. 1909-இல் தொடங்கிய கம்பெனி, 1914 முதல் பிக்கர்ஸ்லீ சாலையில். 30 பவுண்டை ஒட்டிய டிக்கெட்டில் இரண்டு மணி நேரம், கைடோடு பட்டறை பட்டறையாக நடக்கலாம். பர்மிங்காமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். காரே வேண்டாம்.

காட்சியில் இது எதற்கும் குறைந்ததல்ல. செங்கல் கொட்டகைகள் சரிவில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் வேலை முடிந்த காரைக் கையால் தள்ளி அடுத்ததற்குக் கொண்டுபோகிறார்கள். தச்சுப் பட்டறையில் ஆஷ் மரத்தின் மெல்லிய பட்டைகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் வளைத்து இறுக்கி வைத்திருப்பார்கள். பசை காய்ந்தபின் அதுவே பின்சக்கர வளைவு. கீழே அலுமினியச் சட்டம், நடுவில் மரக்கூடு, மேலே கையால் பொருத்திய உலோகத் தகடு, முன்னால் பிஎம்டபிள்யூ எஞ்சின். கார் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை மறைப்பில்லாமல் காட்டும் இடம் என்றால், கொடுக்கும் பணத்துக்கு மார்கனே முதலிடம். ஏற்கெனவே இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு இதுதான் எங்கள் முதல் பரிந்துரை, மொடேனா இரண்டாவது.

இந்தியா, இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்குக் கணக்கு மாறும். இத்தாலி, ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. ஷெங்கனுக்கு 90 யூரோ கட்டியபின், பிரிட்டனுக்குத் தலைக்கு 120 பவுண்டுக்கு மேல் தனியாகக் கட்டி, ஒரு மார்கன் டூருக்காக ஆங்கிலக் கால்வாயைத் தாண்டுவது பொருந்தாது. வேறு காரணத்துக்காக பிரிட்டன் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். இடப்பக்க ஓட்டம் என்பதால் அங்கே கார் எடுப்பதும் நமக்கு எளிது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஓட்டம் வலப்பக்கம்; வாடகை குறைந்த கார்கள் கையால் கியர் போடுபவை, கியர் வலக்கையில் வரும். ரவுண்டானாவில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும் ஆபத்து முதல் நாளில்தான் அதிகம். முதல் நாள் நகரத்துக்குள் ஓட்டாதீர்கள்.

எதை முதலில் பதிவு செய்வது

ஃபேக்டரி டூரை. தேதி உறுதியான பிறகு அறை, கடைசியில் கார். பலர் விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, பிறகு டூர் வேலைநாட்களில் மட்டும்தான் என்று கண்டுபிடிக்கிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை காலை நேரம் கேளுங்கள். வெள்ளி பிற்பகலில் பல ஆலைகளில் லைன் நின்றுவிடும், டூர் நடந்தாலும் பார்ப்பது ஆளில்லாத கொட்டகை. மதிய உணவு இடைவேளையை ஒட்டிய நேரத்துக்கும் இதே கதி. ஆகஸ்டைத் தொடவே வேண்டாம்: இத்தாலியில் ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி இரண்டு மூன்று வாரம் ஆலைகள் மூடும், ஜெர்மனியிலும் கோடை மூடல் உண்டு, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு தாண்டியும் அப்படியே. மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். நவம்பர் 15-க்குப் பிறகு ஏ22-இல் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் வயது வரம்பை முன்பே பாருங்கள், சில ஆலைகள் சிறுவர்களை லைன் பக்கம் விடுவதில்லை. மூடிய காலணி போட்டுப் போங்கள்.

காருக்கு, அசல் லைசென்ஸும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இரண்டும் கையில் வேண்டும். இத்தாலியில் வழியில் நிறுத்தினால் இரண்டையும் கேட்பார்கள். கவுன்ட்டரில் டெபாசிட் பிடிப்பதற்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டை மட்டும் நீட்டினால், பல கவுன்ட்டர்களில் அங்கேயே முழுக் காப்பீட்டையும் வாங்கினால்தான் சாவி தருவார்கள், ஒரு நாளைக்கு 20, 30 யூரோ ஏறிவிடும். சாவி வாங்கியதும் கிளம்பாமல், நான்கு சக்கர ரிம், கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் இடத்திலும் மீட்டரும் பெட்ரோல் அளவும் தெரியும்படி ஒன்று எடுங்கள். டெபாசிட் திரும்பக் கார்டுக்கு வரும்வரை இரண்டையும் அழிக்க வேண்டாம்.